இலைமேல் வைத்த கை

என் தங்கமான அக்காவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் தீபாவளிக்கு நம் சொந்தத்தில் யாரும் கௌரி நோம்பு எடுக்கவில்லை. இந்த வருஷம் பெரியத்தை வீட்டுக் கூடத்தில் மறுபடியும் எல்லோரும் கூடினோம். நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றுதான் நினைத்திருப்பாய். மிதித்தேன். பழி வாங்கத்தான் போனேன்.

உனக்கு ஒரு சேதி சொல்லவேண்டும். நம் அப்பாவின் அக்காவுக்கு, அதே பெரியத்தைக்கு, சர்க்கரை வந்துவிட்டது. ஆடி மாதம் காலில் வந்த புண் ஆறவே இல்லை என்று வேலூருக்குக் கூட்டிப்போனார்கள், அங்கேதான் தெரிந்தது. கேட்டதும் எனக்கு வருத்தமே வரவில்லை அக்கா. வயிறு குளிர்ந்தது. இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

உனக்குச் சர்க்கரை வந்தபோது நீ புதிதாகச் சாப்பிடப் பழகியது நினைவிருக்கிறதா? அவசரப்படாமல் ருசி பார்த்துத் தின்னுங்கள், வயிறு போதும் என்றதும் நிறுத்துங்கள் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினாள். நீ தறியில் உட்கார்கிறவள், அதை உன் வழியில் புரிந்துகொண்டாய். "இழை அறுந்தா கை தானா நிக்குதில்ல? அந்த மாதிரி நின்னுடணும்டி" என்றாய். முதலில் காய், அப்புறம் கொஞ்சம் சோறு, கடைசியில் பாதி அதிரசம். அந்தப் பாதியைக் கால் மணி நேரம் தின்பாய். ஓரத்து முறுகல் ஒரு கடி, நடுவில் இருக்கும் மெத்து ஒரு கடி. நாலு நாலாக விழுங்கிய எங்களில் ஒருத்திக்கும் நோம்பு அதிரசத்தில் சுக்கு இருப்பது தெரியாது. நீ சொல்லித்தான் தெரியும்.

ஆனால் நோம்பு வீட்டில் அதிரசத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாதே. கௌரியம்மனுக்குப் படைத்ததாயிற்றே. அந்த வருஷ நோம்பன்றைக்குப் பெரியத்தை தட்டோடு வந்து உன் இலைக்கு முன்னால் நின்றாள். நீ இலைமேல் கையை வைத்து மறைத்து, "போதும் அத்தை" என்றாய்.

"இன்னாடி, தவம் பண்ணிகினு கீறியா? நோம்பு அதிரசம், அம்மன் பாத்துக்கும். ஒண்ணு துன்னா செத்தா பூடுவ?"

கூடமே சிரித்தது. உன் கை விலகியது. நாலு அதிரசம் விழுந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு ருசிகூடப் பார்க்காமல் மளமளவென்று தின்றாய்.

ஒரு நாள் தின்றதில் யாரும் சாவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நீ கையை எடுத்தவள் எடுத்தவள்தான். பொங்கலுக்கும் மறைக்கவில்லை, சித்தப்பா மகள் கல்யாணத்திலும் மறைக்கவில்லை. கேட்டதற்கு, "வேணான்னா சிரிக்கறாங்கடி, பேஜாரா கீது" என்றாய். போட்டதையெல்லாம் தின்றாய். அப்புறம் கிட்னி போயிற்று. அப்புறம் நீ.

அதனால்தான் இந்த வருஷம் பரிமாறும் தட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எத்தனை நாளாக ஒத்திகை பார்த்திருக்கிறேன் தெரியுமா? அடுப்பங்கரையில், ஸ்கூட்டியில், குளிக்கும்போது. வரிசையில் மற்றவர்களுக்கெல்லாம் வேகவேகமாகப் போட்டுவிட்டுப் பெரியத்தை இலைக்கு முன்னால் நிதானமாக நின்றேன்.

"எனக்கு வேணாம்மா. டாக்டர் கூடாதுன்ட்டாரு."

"நோம்பு அதிரசம் அத்தை. அம்மன் பாத்துக்கும். ஒண்ணு துன்னா செத்தா பூடுவீங்க?"

அவளுடைய வார்த்தைதான் அக்கா. 'ங்க' மட்டும்தான் நான் சேர்த்தது. கூடம் சிரித்தது, அதே சிரிப்பு. "போடும்மா, நோம்பும் அதுவுமா ஒண்ணு துன்னட்டும்" என்று மாமா வேறு எடுத்துக்கொடுத்தார். அத்தையின் முகம் சுண்டிப்போனது. மெல்ல இலைமேல் கையை வைத்து மறைத்தாள். இதைப் பார்க்கத்தானே வந்தேன். குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அன்னிக்கும் இப்டித்தான் புட்ச்சி எடுத்த."

"யார் கைய?"

"உங்கக்கா கைய. அதிரசம் போட்டது நானு. இல்லைன்னு சொல்லல. கைய எடுத்தது யாருடி?"

நான்தான். உன் பக்கத்து இலையில் நான்தானே உட்கார்ந்திருந்தேன்? எல்லோரும் சிரித்ததில் எனக்கு மானம் போனது. "ஒண்ணு துன்னுடுக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். இத்தனை நாளும் அந்தக் கை தானாகவே விலகியதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே எழுதியதைப் பார், உன்னிடமும் அப்படியேதான் எழுதியிருக்கிறேன்.

நீ ஏன் ஒரு தரம்கூடச் சொல்லிக்காட்டவில்லை? கடைசி மாதமெல்லாம் டயாலிசிஸுக்கு என் ஸ்கூட்டியின் பின்னால்தானே உட்கார்ந்து வந்தாய்? என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தது அந்தக் கைதானே?

அத்தையின் மணிக்கட்டை விட்டேன். "போடும்மா" என்றார் மாமா மறுபடியும். "வேணான்றாங்க இல்ல, காது கேக்கல உங்களுக்கு?" என்று கத்தினேன். சிரிப்பு நின்றது. பந்தி முடியும்வரை அத்தை கையை இலையைவிட்டு எடுக்கவே இல்லை.

அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் நான் பழி வாங்கவேண்டிய இன்னொருத்தி இருக்கிறாள். அவளோடுதான் தினமும் மூன்று வேளையும் சாப்பிட உட்காருகிறேன்.

அடுத்த நோம்புக்கும் தட்டு என் கையில்தான் அக்கா, இது சத்தியம். இலைமேல் கை வைத்தவர்களை ஒரு வார்த்தையும் பேசாமல் தாண்டிப்போவேன். அந்தக் கையை எடுக்க இன்னொரு கை நீண்டால், அது பெற்றவள் கையாக இருந்தாலும் சரி, கூடப்பிறந்தவள் கையாக இருந்தாலும் சரி, சபையிலேயே பிடித்து நிறுத்துவேன். அன்றைக்கு என் கையை அப்படி யாரும் பிடிக்கவில்லை.

உன் கையை எடுத்த
உன் தங்கச்சி