நீ விட்டுப்போன குலவை

அடியே, முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் குடவாசல் கடைத்தெருவில், பள்ளிக்கூடப் பையும் குடையும் விற்கிற கடைக்குள் நுழைந்து, தொங்கிக்கொண்டிருந்த கூடைப்பந்தைக் கேட்டு வாங்கி மூக்கில் வைத்து முகர்ந்தேன். போதாமல் திருப்பி வைத்து இன்னொரு தரம். பார்த்துக்கொண்டே இருந்த கடைக்காரத் தம்பி, "அக்கா, அது முலாம்பழம் இல்ல" என்றான். "தெரியும்டா, நல்லா வெளைஞ்சிருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த ரப்பர் வாசம் உன் வீட்டு வாசம். விதைநெல் மூட்டைக்குப் பக்கத்தில்தான் உன் மகள் கலாவின் பந்து கிடக்கும். எலி கடித்துவிடும் என்று நீ நெல்லை விட அதற்குத்தான் அதிகம் காவல் இருந்தாய்.

நடவில் முதல் குலவை எப்போதும் உன்னுடையது. முதல் நாற்று முடியைப் பிரித்து நட்டுவிட்டு நீ நாக்கைச் சுழற்றினால், நாலு வயல் தள்ளி மடை திறக்கப் போகிறவர்கூட நின்று திரும்புவார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அது சரியாக வராது. முன்பல் விழுந்த பிறகு சுத்தமாக வராது. "நீ போடுறது குலவை இல்லடி, சைக்கிள் டியூப்புல காத்து எறங்குது" என்பாய்.

கலா கல்லூரி அணியில் சேர்ந்து முதல் ஆட்டம் ஆடியபோது நாம் இருவரும்தான் போனோம். அவள் போட்ட பந்து வளையத்துக்குள் விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நீ தெரிந்ததைச் செய்தாய். மைதானமே திரும்பியது. நடுவர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டார். கலா திட்டப்போகிறாள் என்று நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவளோ, "அம்மா, எல்லா மேட்சுக்கும் வந்து போடு. அதக் கேட்டா எனக்குக் கை நடுங்க மாட்டேங்குது" என்றாள். அதற்குப் பிறகு, யாரும் மறிக்காமல் தனியாக நின்று எறிகிறார்களே, ஃப்ரீ த்ரோ, அதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி உன்னைத் தேடுவாள். நீ போடுவாய். பந்து விழும்.

அகில இந்தியக் கல்லூரிப் போட்டி தஞ்சாவூருக்கே வந்த வருஷம் பார்த்து உனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று. குரல் போய்விட்டது. பேச முடியாததைப் பற்றி நீ கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கும் கவலை இல்லை. நான் பேச அப்போதுதான் கொஞ்சம் இடம் கிடைத்தது. பைனலுக்கு யார் குலவை போடுவது என்பதுதான் உனக்கு விசாரம்.

பைனலில் ஒரு புள்ளி பின்னால். நேரம் முடியப்போகிறது. கலாவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. தலையைத் தூக்கினாள். நீ வாயைத் திறந்தாய். வெறும் மூச்சு வந்தது. உடனே என் தொடையைக் கிள்ளினாய்.

"போடுடி."

"எனக்குப் பல்லு இல்லடி!"

"எனக்குக் கொரலே இல்ல," என்றாய், அதுவும் மூச்சாலேயே.

போட்டேன். வாய்க்கால் வற்றின பிறகு பம்புசெட் போடுகிற சத்தம் வந்தது. கலா குனிந்து சிரித்தாள். சிரித்த கையோடு முதல் பந்தைப் போட்டுவிட்டாள். நான் மறுபடியும் போட்டேன். இரண்டாவது பந்து வளையத்தின் மேல் யோசித்து யோசித்துச் சுற்றி, வெளியே விழுந்தது. எதிரணி ஓடிப்போய் ஒன்று போட்டு ஜெயித்துவிட்டது.

அழுதுகொண்டு வந்தவளின் முகத்தை நீ இரண்டு கையாலும் பிடித்தாய். "முழுகுன நடவுதானே. மறுநடவு நட்டா போச்சு." காதைக் கிட்டக் கொடுத்துத்தான் கேட்டோம்.

அந்த ஐப்பசி மழையோடு நீயும் போய்விட்டாய்.

தை அறுப்பு முடிந்ததும் நான் கும்பகோணம் போய் முன்பல் கட்டிக்கொண்டேன். "இந்த வயசுல யாருக்குக் காட்ட?" என்று தெருவே கேட்டது. சிரித்துக் காட்டினேன். சாயங்காலத்தில் ஆளில்லாத வரப்பில் நின்று பழகினேன். கொக்குகள் முதலில் பறந்து போயின. பிறகு அவையும் பழகிக்கொண்டன. நடவுக்கு இப்போதெல்லாம் பாதி வயலில் மிஷின் வந்துவிடுகிறது. மிஷினுக்குக் குலவை போட்டேன், அது கண்டுகொள்ளவில்லை.

கலா இப்போது ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர். இந்த வருஷம் அகில இந்தியப் போட்டி மறுபடியும் தஞ்சாவூரில். பைனலுக்கு முன்னால் போன் செய்தாள். "சித்தி, புள்ளைங்க பயப்படுதுங்க. நீங்க வாங்க." அதைக் கேட்டுவிட்டுத்தான் முந்தாநாள் பந்தை முகர்ந்தேன்.

நேற்று முன்வரிசையில் உட்கார வைத்தாள். கடைசிவரை இரண்டு பக்கமும் சமம். முடியப்போகும்போது கலாவின் அணியில் ஆடிய நம் நன்னிலத்துப் பெண் ஒருத்திக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. அந்தப் பிள்ளையின் கை நடுங்கியது எனக்கே தெரிந்தது. கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எழுந்து நின்று போட்டேன். கேட்ட எனக்கே திக்கென்றது. அது உன்னுடையது. முடிவில் நீ ஒரு ஏற்றம் ஏற்றுவாயே, அது உட்பட. கலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பந்து உள்ளே போனது. அந்த ஒரு புள்ளியில்தான் கோப்பை வந்தது. அதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். அந்த ஏற்றத்தில் என் கட்டுப்பல் கழன்று ஆடுகளத்தில் போய் விழுந்தது. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். தரையில் சிந்துகிற வேர்வையைத் துடைக்கிற பெண் நீளமான மாப்புடன் வந்தாள். அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனாள்.