ஜன்னல் கம்பியில் பச்சைத் துணி

சுண்டெலிக்குட்டி,

அம்மா இங்கே சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுவேன், அது கைப் பழக்கத்தில் வருவது, இந்தத் தடவை அப்படி இல்லை, நிஜமாகவே நீ நல்லா இருக்கிறாய் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் கத்தினாயே, அதற்கு அப்புறம்தான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. முப்பத்தொரு வயதில் முதல் தடவையாகக் கத்தினாய். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன், அப்போதும் வீடு முழுக்கக் கேட்டது. வைத்துவிட்டு நீ அழுதிருப்பாய், எனக்குத் தெரியும். நான் அழவில்லை. ஒரு டம்ளர் தண்ணி குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன், அப்பாடா என்று இருந்தது. இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று நினைக்காதே, கடைசி வரைக்கும் படி. உனக்கு ஏழு வயதில், அந்த நாளில், ஜன்னலில் துணி கட்டியிருந்தாயாம்மா, இல்லையா என்று கேட்டாய். எனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னேன். அது பொய். நல்லா ஞாபகம் இருக்கிறது. போனில் பேசினால் என் வாய் எதையாவது சொல்லிப் பூசி மெழுகிவிடும், அதனால்தான் எழுதுகிறேன், எழுதினால் எழுதியது எழுதியதுதான். அஞ்சாம் வகுப்பு எழுத்து, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வேறு சங்கதி சொல்லிவிடுகிறேன், அதற்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் என்னைத் துவைக்கிற பக்கத்திலிருந்து மடிக்கிற பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள், முழங்காலுக்கு நல்லதாகப் போச்சு. பெரிய விரிப்பை மடிக்க ரெண்டு பேர் வேண்டும், எனக்கு எதிர்ப்பக்கம் பிடிக்கிறவள் ரேடியோதான், அவளை உனக்குத் தெரியுமே, காலையில் ஏப்ரன் கட்டும்போது திறக்கிற வாய் சாயங்காலம் ஏப்ரனை அவிழ்க்கும்போதுதான் மூடும். நீ வாரா வாரம் மனசு டாக்டரிடம் போகிறேன் என்று சொன்ன புதிதில் எனக்கு வெட்கமாகப் போய், முதுகுவலிக்குப் பார்க்கிறாள் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். அவ்வளவுதான், ரெண்டு வருஷமாக மொத்தச் சலவைக் கூடமும் உன் முதுகை விசாரிக்கிறது. குனியாமல் பெருக்கச் சொல்லு, தலையணை இல்லாமல் படுக்கச் சொல்லு என்று ஆளுக்கொரு வைத்தியம். ஏம்மா எனக்கு இடுப்புப் பட்டை அனுப்பியிருக்கே என்று நீ கேட்டாயே, அது ரேடியோ வாங்கிக் கொடுத்தது. போன திங்கட்கிழமை விரிப்பை மடிக்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன், முதுகு இல்லடி, மனசு, சின்ன வயசில் வீட்டில் பட்டது என்று. அடிப்பாவி, ரெண்டு வருஷம் என்னை முதுகைப் பற்றிப் பேச விட்டியே என்றாள். அப்புறம் விரிப்பின் நுனியைப் பிடித்தபடியே பேசாமல் நின்றாள். ரேடியோ நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் குனிந்து, அந்த மாதிரி டாக்டர் நம்ம பக்கம் யாராவது இருக்காங்களான்னு கேட்டுச் சொல்லு, என் தங்கச்சிக்கு என்றாள். அவளுக்குத் தங்கச்சி கிடையாது. நான் காட்டிக்கொள்ளவில்லை, சரி விசாரிக்கிறேன் என்றேன்.

இனி அந்தத் துணிக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், அம்மா வாயால் கேட்டால்தான் நல்லது என்று உன் டாக்டர் மேடம் சொன்னார்களாமே. உன் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக், ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்துவிடுவார், மூணு மணிக்கு நான் வருவேன், நாலு மணிக்கு நீ. அவர் பூட்ஸைக் கழற்றிப் போட்டிருக்கிற விதத்திலேயே எனக்கு அன்றைய நாள் தெரிந்துவிடும். ஜோடியாக இருந்தால் நல்ல நாள். ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயுமாகக் கிடந்தால் அன்றைக்கு யார் கண்ணில் பட்டாலும் அடிதான். அதற்காகத்தான் ஆபரேஷன் அறையில் விரிக்கிற பச்சைத் துணி கிழிந்து கழித்ததில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். கெட்ட நாள் என்றால் அதை ஜன்னல் கம்பியில் கட்டுவேன். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் உனக்குத் தெரியும், மேலே வராமல் கீழ்வீட்டுத் தையல் பெரியம்மாவிடம் போய்விடுவாய், துணியை அவிழ்த்த பிறகு வருவாய். அங்கே மெஷின் மேசைக்கு அடியில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பாய், பிஸ்கட் கொடுத்தால் மட்டும் கை வெளியே வரும், அதைப் பார்த்துத்தான் பெரியம்மா உனக்குச் சுண்டெலி என்று பேர் வைத்தாள். நாங்கள் ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரிப்போம். ஒரு பிள்ளை சத்தமே இல்லாமல் இருக்கிறதே, ஏன் என்று எங்களுக்குத் தோன்றவில்லை பாரு. அதற்கு மேல் ஒரு வழி எனக்குத் தெரியவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கலாமே என்று கத்தினாய். போயிருக்கலாம். எங்கே போவது என்று யோசித்து யோசித்தே நீ வளர்ந்துவிட்டாய்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. நான் வந்தபோது ஒரு பூட்ஸ் வாசலில் கிடந்தது, இன்னொன்று கட்டிலுக்கு அடியில். டிப்போவில் மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டாராம். துணி ஆணியில்தான் தொங்கியது. அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், அவரைத் தாண்டித்தான் நான் கம்பிக்குப் போகணும். மறந்துவிட்டேன் என்று எழுத எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது சுண்டெலி, ஆனால் நான் மறக்கவில்லை. மணி நாலாகப் போகிறது என்று தெரியும். துணியைக் கையில் எடுத்துக்கூட விட்டேன். என்னடி என்று திரும்பினார். நான் அந்தத் துணியாலேயே மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். படியில் நீ பாடிக்கொண்டு ஏறி வருவது கேட்டது. அப்போதாவது நான் வாசலுக்கு ஓடியிருக்கலாம், ஓடவில்லை, பயம். அதற்கு அப்புறம் நடந்தது உனக்கே தெரியும், உன் இடது காதுக்கும் தெரியும். அவர் வெளியே போன பிறகு பாத்ரூமில் உட்கார வைத்து உன் முகத்தைக் கழுவினேன். ஒரே ஒரு வார்த்தை கேட்டாய், துணி இல்லையேம்மா என்று. நான் கட்டியிருந்தேனே, நீதான் பார்க்காமல் ஓடி வந்துட்டே என்றேன். அதோடு விட்டேனா. உன்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய் அந்தத் துணியைக் கம்பியில் கட்டினேன். நீ வெளியே வந்து பார்த்தாய், துணி இருந்தது, மேசை அழுக்கோடு, ஈரத்தோடு. நீ என்னைப் பார்த்து சாரிம்மா என்றாய். நான் பரவாயில்லை என்றேன்.

அன்றைக்கு ஜன்னலில் துணி இல்லை. இன்னொரு தடவை எழுதுகிறேன், துணி இல்லை. நீ சரியாகத்தான் பார்த்தாய். என் பேச்சு மட்டும் போதாது என்று நேற்று தையல் பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். அவளுக்கு இப்போது ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியவில்லை, ஆனால் அந்த நாளைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன், துணி இல்லை, நல்ல நாள்னு நினைச்சு பிஸ்கட் டப்பாவை மூடி வச்சேன், பிள்ளை நின்னு நிதானமா மேலே பார்த்துட்டுத்தான் படியேறினா என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீ என்ன சொல்லி வச்சிருக்கியோ, நான் எதுக்கு நடுவில் மூக்கை நுழைக்கணும்னு இருந்துட்டேன் என்றாள். ஆக உன் கண் சரி என்று தெரிந்தவர்கள் ரெண்டு பேர் இங்கே இருந்தோம், ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். நீ வளர்ந்து மருந்துக் கடையில் வேலைக்குப் போய், லேபிளை நாலு தடவை படிக்கிறேன், பூட்டை அஞ்சு தடவை இழுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் என் மகள் எவ்வளவு கவனம் என்று கூடத்தில் பெருமை அடித்திருக்கிறேன். அது கவனம் இல்லை, தன் கண்ணைத் தானே நம்பாதது என்று நீ மூணாவதாகப் பார்க்கிற இந்த டாக்டர் மேடம் சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது, நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த மேடத்தைப் பற்றி நினைத்தால்தான் எனக்கு மூச்சு நிம்மதியாக வருகிறது. நீ முதலில் போய்ப் பார்த்த ஆள், அப்பாவை மன்னிச்சிடுங்க எல்லாம் சரியாகிடும் என்றாராம், நீ மன்னிக்கப் பார்த்துப் பார்த்து ஆறு மாசம் தூக்கம் போனதுதான் மிச்சம். ரெண்டாவது ஆள் கேள்வித்தாள் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லிவிட்டு அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்போது நான் என்ன சொன்னேன், போதும் விட்டுத் தொலை, பழசைக் கிண்டி என்ன ஆகப் போகுது என்றேன். நீ என் பேச்சைக் கேட்காமல் மூணாவதாக ஒருத்தரைத் தேடினாய் பாரு, அது ஒன்றுக்கே உன் காலைத் தொட்டுக் கும்பிடலாம். அவங்க எடுத்ததும் உன் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லையாம், ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் எதைப் பார்ப்பீங்க என்று கேட்டார்களாம், நீ ஜன்னலை என்றாயாம். அப்படி ஒரு கேள்வி கேட்க எங்கே படித்தார்களோ. எதற்கும் அவசரப்படுத்தாமல் வாரத்துக்குக் கொஞ்சமாக, நீ தாங்குகிற அளவுக்கு மட்டும் கேட்கிறார்கள் என்றாயே, சரியான ஆளிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாய். என்னிடம் கத்தினதைச் சொன்னபோது அவங்க உன்னைத் திட்டியிருக்க மாட்டார்கள், நானும் திட்டவில்லை என்று சொல்லிவிடு.

உன்னிடம் மறைத்த இன்னொன்றும் இருக்கிறது. உன் அப்பா போய் எட்டு மாசம் ஆச்சு, நான் இன்னும் அழுகிறேன். உனக்குக் கோபம் வருமோ என்று போனில் சொல்வதில்லை. நீ காரியத்துக்கு வராததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதைச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வாயை நான் அடைத்துவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் புதன்கிழமை மத்தியானம் வீட்டில் சாவு கண்டவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்கிறார்கள், ரேடியோ பிடித்துத் தள்ளி நானும் போகிறேன். முதல் நாள் பேசத் தெரியாமல் அங்கே கிடந்த மேசை விரிப்பை எல்லாம் மடித்து வைத்துவிட்டு வந்தேன். மூணாவது தடவை வாயைத் திறந்தேன், அவர் இல்லாதது கஷ்டமாக இருக்கு, படுத்தால் காலை நீட்டிப் படுக்கிறேன், அதுவும் நல்லா இருக்கு என்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எனக்கும் அப்படித்தாம்மா என்றார். அவ்வளவு லேசாக இருந்தது எனக்கு. நீ ரெண்டு வருஷமாக எதற்குப் போகிறாய் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

லீவு கிடைத்திருக்கிறது, அடுத்த மாசம் வருகிறேன் என்றாய். வா. அந்தத் துணியைச் சலவைக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் கழித்த துணி மூட்டையில் போட்டுவிட்டேன், எங்கிருந்து வந்ததோ அங்கேயே. கம்பியில் இனி எதையும் காயப்போட மாட்டேன், கைக்குட்டைகூட. நீ தெருவில் நிற்க வேண்டாம், அண்ணாந்து பார்க்க வேண்டாம், படியில் சத்தம் போட்டு ஏறி வா, பாடினாலும் சரி, கீழ்வீட்டுப் பெரியம்மா சத்தமாக இருக்கிறது என்றால் நான் பார்த்துக்கொள்கிறேன். வந்ததும் இன்னும் கத்தணும் என்று இருந்தால் கத்து, முதலில் சாப்பிட்டுவிட்டுக் கத்து. சுண்டெலி என்ற பேர் இனிமேல் வேண்டாம் என்றால் சொல்லிவிடு, விட்டுவிடுகிறேன். உடம்பு கொஞ்சம் தேறினதும் மருந்தை நிறுத்துகிற புத்தி உனக்கு உண்டு, அது மாதிரி நல்லா இருக்கு என்று அந்த மேடத்தை நடுவில் நிறுத்திவிடாதே. லேபிளை ரெண்டு தடவை படி, உன் வேலைக்கு அது வேண்டும், மூணாவது தடவை வேண்டாம். என் ஆயுசையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்து சந்தோஷமாக இரு, என் தங்கம்.

இப்படிக்கு,
இருபத்திநாலு வருஷம் தாமதமாக உண்மையைச் சொல்கிற,
உன் அம்மா

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன், மூடி மறைத்தது போதும் என்று எழுதிவிடுகிறேன். இதற்காக நீ உன் அப்பாவை மன்னிக்க வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். பக்கவாதம் வந்து பேச்சு போய்ப் படுத்திருந்தாரே, அப்போது ஒரு மத்தியானம் அந்தப் பச்சைத் துணியை ஆணியிலிருந்து எடுத்து அலமாரியைத் துடைக்கப் போனேன். அவர் இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். வெளிச்சம் கண்ணில் படுகிறதாக்கும் என்று திரையை இழுத்தேன், இல்லை என்று தலையை ஆட்டினார். கையிலிருந்த துணியைக் காட்டினார், மறுபடியும் கம்பியைக் காட்டினார். ஒன்றும் புரியாமல் கட்டினேன். அதைப் பார்த்தபடியே கண்ணில் தண்ணி விட்டுக்கொண்டு படுத்திருந்தார். உன்னைக் கேட்டு என்ன பயன், நீயோ தெருவில் நின்றவள், ஆனாலும் வேறு யாரிடம் கேட்பேன். அந்தத் துணி எதற்கு என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்ததா?