பொடி எழுத்தில் ஒரு வார்த்தை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்றுதான் வழக்கமாக ஆரம்பிப்பேன், இன்றைக்கு அந்த வரியைத் தள்ளி வைத்திருக்கிறேன், காரணம் பின்னால் வருகிறது. எழுத்து ஏன் இவ்வளவு பெரிசு, தாள் ஏன் இத்தனை என்று கேட்காதே, அதற்கும் அதே காரணம்தான். ஒரு விஷயம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன், உன்னிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். அம்மா இரண்டு தடவை கேட்டாள், மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நம் கண்ணாடிக் கடைக்குக் குடை சார் வருவாரே, கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர், வெயிலோ மழையோ குடையில்லாமல் தெருவில் இறங்கமாட்டார், அவர் திங்கட்கிழமை புதுக் கண்ணாடி வாங்க வந்தார். நான் படிக்கக் கொடுக்கிற அட்டை அவருக்கு மனப்பாடம், அதனால் பையிலிருந்து செங்கல் மாதிரி ஒரு அகராதியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே எல்லாம் பொடி எழுத்து. ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்துக் கடகடவென்று வாசித்தார், பிரித்த இடத்தில் இருந்தது எது தெரியுமா, நீ ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்கிற அதே ஹேப்பி! வடக்கே கடலோடிகள் பேசிய பழைய பாஷையிலிருந்து ஹேப் என்று ஒரு சொல் இங்கிலீஷுக்குள் வந்ததாம், தானாக வந்து வாய்ப்பது என்று அர்த்தமாம். அதிலிருந்து பிறந்ததுதான் ஹேப்பி. முதலில் அதற்கு அதிர்ஷ்டசாலி என்றுதான் பொருள், மனசு நிறைந்திருப்பது என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டதாம். நடப்பதைச் சொல்லும் ஹேப்பன், ஒருவேளை என்னும் பெர்ஹேப்ஸ், எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், ஒரு அம்மா ஃபிரேம் எடுக்காமலே நழுவிவிட்டார்.

வாசித்த கையோடு, நீங்களே பாருங்க என்று சார் புத்தகத்தை என் பக்கம் திருப்பியிருந்தார். என்னால் படிக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன், புத்தகத்தை விளக்கடிக்கு நகர்த்தினேன், வெறும் புகைமூட்டம். எத்தனை நாளா இப்படி என்று மெதுவாகக் கேட்டார். ஆறு மாதமாக என்று சொல்லும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது, ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவன் அல்லவா. எப்படிப்பா இருக்கீங்க என்று நீ கேட்டபோதெல்லாம் நானும் ஹேப்பி என்றுதான் சொல்லியிருக்கிறேன். மறுநாளே டாக்டரிடம் காட்டினேன், கண்புரையாம், வருகிற புதன்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம், நீ பயப்படாதே. மறைத்ததற்கு அம்மா கொடுத்த அர்ச்சனைக்கு முன்னால் ஆபரேஷன் ஒன்றுமே இல்லை.

என் குட்டு உடைந்தது, இனி உன்னுடையது. அந்த நாட்டு நர்ஸ் லைசன்ஸ் பரீட்சை இரண்டாம் தடவையும் போய்விட்டது என்று உன் தங்கை உளறிவிட்டாள். அவளைத் திட்டாதே, பாவம், மூன்று நாள் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்திருக்கிறாள். பரீட்சை போனது எனக்குப் பெரிதில்லை, அந்த ஞாயிறும் நீ ஹேப்பியா இருக்கேன்ப்பா என்றாயே, அதுதான் தாங்கவில்லை. தப்பு என்னுடையதுதான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் ஹேப்பியா ஹேப்பியா என்று கேட்டு அதையும் உனக்கு ஒரு பரீட்சையாக்கிவிட்டேன். தானாக வந்து வாய்க்கிற ஒன்றுக்கு நீ எப்படிம்மா பொறுப்பு? வாய்த்த அன்றைக்குச் சொல், வாய்க்காத அன்றைக்கு இல்லை என்று சொல். மறுபடி எழுதுவதும் கிளம்பி வருவதும் உன் இஷ்டம், உன் கட்டிலில் தங்கை பரப்பி வைத்திருக்கிற துணியைத்தான் அகற்ற வேண்டியிருக்கும்.

இனிமேல் இன்றைக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்பேன், அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. வேளைக்குச் சாப்பிடு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நன்றாக இருப்பாய், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. கண் தெளிந்ததும் நான் முதலில் படிக்க வேண்டியது உன் கடிதம். நடந்ததை நடந்தபடி எழுது. எனக்காக எழுத்தைப் பெரிசாக்காதே, உன் பொடி எழுத்திலேயே எழுது, நான் படித்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஆறு மாதம் பொய் சொன்ன உன் அப்பா