கல்யாணம் உன்னிடம் வருகிறது

பாஜே,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள இவோனெத்திக்கு,

இங்கே நானும் மாடுகளும் சுகம். போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் உனக்கு மூச்சு வாங்குகிறது; அப்படியும் என்னைத் திட்டுவதை நீ விடுவதில்லை. அதனால்தான் கடிதம். நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் இதில் நீ குறுக்கே வர முடியாது.

உன்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற உன் தங்கை நெவுசா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நம் மகள் கிராசியேலியின் கல்யாணத்துக்கு யாருக்கும் தெரியாமல் போர்ட்டோ அலெக்ரியிலிருந்து பஸ் ஏறத் திட்டம் போட்டிருக்கிறாயாமே! "ஆக்சிஜன் சிலிண்டரப் பக்கத்து சீட்டுல வச்சுக்கிட்டா போச்சு, ரெண்டு நாள்தானே" என்றாயாம். வந்த கோபத்தில் பால் கேனை எட்டி உதைத்தேன். வீங்கியது என் கால்தான்.

உன் தோல் இறுக ஆரம்பித்தபோது விரலிலிருந்து மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தோம். அந்த இறுக்கம் பிறகு நுரையீரலுக்கும் போனது. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். இந்த நோயில் உணவுக்குழாயும் தளர்ந்துவிட்டது, புது நுரையீரல் பொருத்தினாலும் சாப்பிட்டது மேலேறி வந்து அதையும் கெடுத்துவிடும் என்றார்கள். இப்போதைய டாக்டரம்மாதான் சோதனைமேல் சோதனை செய்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, தலைமாட்டை உயர்த்திப் படு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று உன் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தார். அவர்கள் கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் நீ ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள் ஆகும். நீ வந்த நேரத்தில் கூப்பிட்டால், அந்த நுரையீரல் வேறொருவருக்குப் போய்விடும்.

அதனால் கல்யாணத்தையே அங்கே மாற்றிவிட்டோம். நெவுசா வீட்டுத் தெருக்கோடியில் உள்ள மாதா கோயிலில், குறித்த அதே சனிக்கிழமை. சம்பந்திதான் குதித்தார். "விருந்துக்குச் சுடக் கன்னுக்குட்டி ரெடி, ஊரையே கூப்பிட்டாச்சு, பட்டணத்துல எங்கய்யா போய் நெருப்பு மூட்டுறது?" என்றார். மாப்பிள்ளை ஜார்டெல்லை வாயில்லாப் பூச்சி என்பாயே, அந்தப் பையன்தான் வெடுக்கென்று, "அத்தை இல்லாம, கன்னுக்குட்டியா எனக்குப் பொண்ணக் குடுக்கப்போவுது?" என்று கேட்டான். மறுநாள் சம்பந்தியே பஸ் பேசிவிட்டார். கறி சுடும் கம்பிகளையும் ஏற்றிக்கொண்டு வருகிறாராம். நெவுசாவின் கொல்லைப்புறம் தப்பாது.

வருகிறவர்கள் பாசத்தில் மாத்தே தேநீர்க் குடுவையை நீட்டுவார்கள். வாங்காதே. ஊரே வாய் வைத்த உறிஞ்சுகுழல் அது. வேண்டாமென்றால் முகம் சுளிப்பார்கள்தான். உன் பங்கையும் நானே குடித்துச் சமாளிக்கிறேன்.

இன்னொன்றை உன்னிடம்தான் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு ஜெபிக்க வாயே வரவில்லை. உனக்குச் சீக்கிரம் நுரையீரல் கிடைக்கட்டும் என்று கேட்டால், முகம் தெரியாத ஒரு வீட்டில் சாவு விழட்டும் என்று கேட்டதாகிவிடுமே. பாதிரியாரிடம் சொன்னேன். "நீ கேக்கறதால யாரும் சாகப்போறதில்ல, வால்டொமிரோ. போறவங்க குடுத்துட்டுப் போறத வாங்கிக்க அவ அங்க இருக்கணும். அத மட்டும் கேளு" என்றார். அதைத்தான் கேட்கிறேன், உன்னிடமும்.

கல்யாணத்தின் நடுவில் போன் வந்தால் எழுந்து போய்விடு. பாதிரியார் ஆசீர்வதித்துக்கொண்டிருந்தாலும் சரி. மகள் அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்காதே. இதை எழுதச் சொன்னதே கிராசியேலிதான். மாதா உன்னைக் காக்கட்டும். மகளை ஜார்டெல் கையில் ஒப்படைத்த கையோடு, நெவுசாவின் கார் சாவியை வாங்கிக்கொண்டு நான் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

உன்னோடு சண்டை போட இன்னும் நிறைய வருஷம் கேட்கும்,
வால்டொமிரோ