புளி போட்டுத் தேய்த்த கோதுகள்

பெப்ரவரி 3, திங்கள்
மதுஜாவின் பெண் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தோம். இவரைப் போலவே காது. புறப்படும்போது மதுஜா என்னை மட்டும் கூப்பிட்டு, முப்பத்தோராம் நாள் சடங்கு எங்கள் வீட்டில் வேண்டாம் என்றாள். "கெல்லரில அந்தக் குண்டுச் சாமான் இருக்குமட்டும் பிள்ளையை அங்க கொண்டரமாட்டன் அம்மா."

பெப்ரவரி 5
சொன்னேன். இவர் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுக்குக் கீழே நிலவறையில் இருக்கிற கெல்லருக்கு இறங்கிவிட்டார். சந்தை சந்தையாகத் திரிந்து சேர்த்தவை. பழைய இராணுவத் தோட்டாக்கள், கலகக்காரருக்குச் சுடுகிற ரப்பர் குண்டு, கண்ணீர்ப்புகைக் குண்டு. எல்லாம் மருந்து எடுத்த வெறும் பித்தளைக் கோதுதான். ஊரில் இவரைத் துரத்தின சாமான். "இப்ப என்ர கையில அசையாமல் கிடக்குதுகள்தானே" என்பார்.

பெப்ரவரி 9
ஓம் என்றுவிட்டார்! பீல் நகரத்தில் ஹெர் சுட்டர் என்று ஒரு சுவிஸ் கிழவர், இவரைப் போலவே சேர்க்கிறவர். அவருக்கென்றால் முழுவதையும் கொடுப்பாராம். பொலிசுக்குக் கொடுத்தால் உருக்கிப்போடுவார்களாம். கிழவர் சனிக்கிழமை வருகிறார். மதுஜாவுக்குப் போனில் சொன்னேன், அழுதாள்.

பெப்ரவரி 14
இவர் வேலைக்குப் போனபிறகு கெல்லரைத் திறந்தேன். எல்லாம் கறுத்து, களிம்பு ஏறிக் கிடந்தது. ஒரு மனிசன் பார்க்க வருகிற சாமானை இப்படியா வைப்பது? குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளியும் உப்பும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். இப்போது தங்கமாக மினுங்குகிறது. இவருக்குச் சொல்லவில்லை. நாளைக்குப் பார்க்கட்டும்.

பெப்ரவரி 15
ஐயோ, நான் என்ன வேலை செய்து வைச்சிருக்கிறன்.

ஹெர் சுட்டர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இன்னொன்றை. அந்தப் பழைய கறுப்புக்குத்தான் மதிப்பாம். நிறக் கோடும் எழுத்தும் அழிந்ததால் எது எந்த நாட்டுக் குண்டென்று சொல்லவே ஏலாதாம். வேண்டாம் என்று கை தந்துவிட்டுப் போய்விட்டார்.

இவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். பொலிசுக்கே கொடுப்போமா என்று மெல்லக் கேட்டேன்.

"நீ அழிச்சது காணாதோ? இனி ஒண்டும் இந்த வீட்டை விட்டுப் போகாது."

பெப்ரவரி 22
மதுஜா போன் எடுக்கிறாள் இல்லை. யாரிடம் போய்க் கெஞ்ச?

மார்ச் 4
முப்பத்தொன்று ஓர்லிகோனில், சம்பந்தி வீட்டில். இவரைக் கேட்டேன், "நீ போட்டு வா" என்றார். கோதுகள் கெல்லரில்தான்.

வந்தவர்களோடு வரிசையில் நின்று பேத்தியைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். சும்மா நிற்கிறேனே என்றாக்கும், சம்பந்தியம்மா கொஞ்சம் புளியைத் தந்து, குத்துவிளக்கை ஒருக்கால் மினுக்கித் தாங்கோ என்றார். வாங்கினேன். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். புளி கையிலேயே கரைந்துகொண்டிருந்தது.