புறாக்களிடம் சொன்னது யார்?

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் தோல்வி. தேற ஐம்பது வேண்டும், வந்தது நாற்பத்தொன்று. போன தடவை நாற்பத்து மூன்று. ஒரு வருஷம் முட்டி மோதிப் படித்துப் பின்னால் போயிருக்கிறேன்!

மாலைக் கல்லூரியில் இலக்கியப் பட்டப்படிப்புக்கு நுழைவுத் தேர்வு ஒன்றே ஒன்றுதான், இலக்கியக் கலைச்சொற்கள். உவமை, உருவகம், படிமம், குறியீடு, அங்கதம், அப்புறம் அணிகளில் பெரும்படை ஒன்று. மூன்று முறை எழுத விடுவார்கள். அதற்குமேல் கதவைச் சாத்திவிடுவார்கள். எனக்கு இரண்டு போயிற்று. ஏப்ரலில் கடைசி.

விடைத்தாள் நகலில் சிவப்பு மையில் ஒரு வரி: "பெயர்கள் சரி. கவிதை எங்கே?"

கவிதை எங்கேயாம்! கேள்வித்தாள்லதான் இருக்கு, வேற எங்க போகும்? எல்லாத்தையும் ஒப்பிச்சேனே, ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சேனே. இன்னும் என்னதான் வேணும் இவங்களுக்கு?

பதினேழு வயதில் இந்தப் படிப்பைத்தான் கேட்டேன். "கவிதை சோறு போடுமா" என்று அப்பா பரிசோதனைக்கூடப் படிப்பில் சேர்த்துவிட்டார். சோறு போட்டது, இல்லை என்று சொல்லவில்லை. இப்போது வயது நாற்பத்து மூன்று. கேட்டது இன்னும் கையில் வரவில்லை.

விடப்போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

பரிசோதனைக்கூடத்தில் விஷயம் பரவிவிட்டது. ரத்தம் எடுப்பவரை நாங்கள் ஊசிக்காரர் என்போம்; ஊசியைவிட அவர் வாய்தான் கூர்மை. "வாங்க புலவரே! ஒரே பரீட்சைய ரெண்டு தடவ எழுதற பொறுமை யாருக்கு வரும்? இனிமே சர்க்கரை ரிப்போர்ட்டெல்லாம் வெண்பாலதானே?"

"இதுக்குப் பேரு வஞ்சப்புகழ்ச்சி அணி. புகழற மாதிரி பழிக்கிறது" என்றேன்.

"பாத்தீங்களா, இவ்வளவு தெரிஞ்சும் எப்படிங்க ஃபெயில் ஆனீங்க?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. டியூபில் பெயர் ஒட்டும் வேலைக்குத் திரும்பினேன். பெயரில்லாத டியூப் எங்களிடம் நேரே குப்பைக்குப் போகும். யாருடையது என்று தெரியாத ரத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மார்ச் 9, ஞாயிறு

தனியாகப் படித்தது போதும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியைக்கு என் வயதில் பாதி இருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கிறது. மனசுக்குள் பென்சில் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

என் விடைத்தாளைப் பார்த்தார். போன தேர்வில் வந்த கவிதை இது:

நான் உட்காரப் போனதும்
புறாக்கள் எழுந்து பறந்தன.
என்னைப் பற்றி
அவற்றிடமும் யாரோ
சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு நான் எழுதியது: "இதில் பயின்று வந்துள்ளது தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது. எதுகை காணப்படவில்லை. உவம உருபு காணப்படவில்லை."

பென்சில் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "காணப்படவில்லைன்னு எதுக்குங்க எழுதினீங்க?"

"எங்க ரிப்போர்ட்ல இல்லாததையும் போடணும் மேடம்."

"லேப்ல வேலை செய்றீங்களா? சரி. டியூப்ல பேர் ஒட்டினதும் என்ன பண்ணுவீங்க?"

"மெஷின்ல வைப்பேன்."

"இங்க ஒட்டிட்டு அப்படியே ஸ்டாண்டுல வச்சுட்டீங்க. இந்தக் கவிதைய யார் சொல்றாங்க? அவங்களுக்கு என்ன ஆச்சு?"

ஆள் பக்கத்தில் போனால் புறா பறக்கும். அதில் என்ன ஆவதற்கு இருக்கிறது?

மார்ச் 10, திங்கள்

யார் சொல்றாங்க, யார் சொல்றாங்க என்று டியூபைச் சுழற்றும் மெஷின்கூடக் கேட்கிறது.

மார்ச் 14, வெள்ளி

இன்று எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

நான் மேஜையில் புத்தகத்தை விரித்ததும் வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். செருப்பை மாட்டினார். ஒரு வார்த்தை இல்லாமல் வெளியே போய்விட்டார். இன்று மட்டும் இல்லை, இந்த வாரம் முழுக்க இதே கூத்து.

புரியாமல் இல்லை. பெண்டாட்டி இந்த வயதில் பரீட்சை எழுதித் தோற்பது அவமானமாக இருக்கிறது. வாயைத் திறந்து சொன்னாலாவது பதில் சொல்லலாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மனிதர், பகல் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் பொறுமையாக "பரவாயில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்கிறார். எங்கிட்ட ஒரு தடவ சொல்லக் கூடாதா அத? நானும் மறுபடிதானே ஸ்டார்ட் பண்ணிட்டிருக்கேன்?

போகட்டும். யார் எழுந்து போனாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

படிமத்துக்கும் குறியீட்டுக்கும் வித்தியாசம் கேட்டார் பென்சில். விளக்கம் ஒப்பித்தேன். "அது புத்தகம் சொல்றது. நீங்க சொல்லுங்க" என்றார்.

யோசித்துப் பார்த்து, "எங்க காத்திருக்கும் அறையில ஒரு நாற்காலி. ஒரு கால் ஆட்டம். கீழ அட்டைய மடிச்சு வச்சிருக்கோம். அது கண்ணுல அப்படியே தெரிஞ்சா படிமம்" என்றேன்.

"குறியீடு?"

"கதை முழுக்க அந்த நாற்காலி திரும்பத் திரும்ப வந்து, யாரும் அத மாத்தவே இல்லன்னு ஆகி, கடைசியில நாற்காலியப் பத்திப் பேச்சே இல்லாம அந்த இடத்தப் பத்தியே ஆயிடுச்சுன்னா... குறியீடு."

கொண்டையிலிருந்து பென்சிலை உருவி என் ஏட்டில் ஒரு சரி போட்டார். வீடு வரும்வரை அந்தச் சரியை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் புறா இன்னும் பிடிபடவில்லை.

மார்ச் 22, சனி

இவர் இன்றும் போனார். நான் பல்லைக் கடிப்பதை மகள் பார்த்துவிட்டாள். பள்ளி இறுதி வகுப்பு. வீட்டில் எல்லாருக்கும் நீதிபதி.

"ஏம்மா அப்பாவ முறைக்கிற? நீ படிக்கணும்னுதான் டிவிய அணைச்சுட்டுப் போறாரு. அதுகூடப் புரியலயா உனக்கு?"

சடாரென்று எல்லாம் இடம் மாறிவிட்டது. ஆமாம், சத்தம் வரக் கூடாது என்று அணைக்கிறார். அறை எனக்கே இருக்கட்டும் என்று போகிறார். சொல்லிக்காட்டத் தெரியாத மனிதர். எட்டு நாளாக மனசுக்குள் அவரைக் கரித்துக்கொட்டினேனே!

வந்ததும் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தேன். அவர் டீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சந்தேகமாகக் குடித்தார்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதுவதற்குள் சிரிப்பு வருகிறது.

காலையில் நான்தான் ஆரம்பித்தேன். "எனக்காக நீங்க தினமும் வெளிய போறது எனக்குத் தெரியும். ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு."

"உனக்காகவா?"

"நான் படிக்கணும்னுதானே போறீங்க?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். தலையைச் சொறிந்தார். "இல்ல... முதுகு வலி. நாள் பூரா கார்லயே உக்காந்து உக்காந்து. சாயங்காலம் அரை மணி நேரம் நடன்னு டாக்டர் சொன்னாரு. சொன்னா நீ லேப்ல இருக்கற டெஸ்ட்டெல்லாம் எடுக்க வைப்பேன்னுதான் சொல்லல."

"அப்ப டிவிய அணைக்கிறது?"

"பாக்க ஆளில்லாம எதுக்கு ஓடணும்?"

மகள் அறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு மனிதர் முதுகு வலிக்காக நடக்கப் போகிறார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு முதலில் அவமானம் என்று அர்த்தம் ஏற்றினேன். அப்புறம் பாசம் என்று ஏற்றினேன். இரண்டும் நான் ஏற்றியவை; சுத்தமான தற்குறிப்பேற்றம். அவர் முதுகுக்கு இரண்டுமே தெரியாது.

ஆனால் ஏன் முதலில் அவமானம்? அவர் அப்படி நினைத்ததற்கு ஒரு சாட்சியும் இல்லை. தோற்றதில் வெட்கப்பட்டவள் நான். என் வெட்கத்தைத் தூக்கி அவர் செருப்பில் மாட்டிவிட்டேன்.

வகுப்புக்கு ஓடினேன். உட்காருவதற்கு முன்பே சொன்னேன். "மேடம், புறாவுக்கு ஒண்ணும் ஆகல. சொல்றவருக்குத்தான் ஆயிருக்கு."

"என்ன ஆயிருக்கு?"

"அவர் போய் உட்கார்ற இடத்துலேர்ந்து ஏற்கனவே மனுஷங்க எழுந்து போயிருக்காங்க. யாரோ அவரப் பத்தித் தப்பாப் பேசியிருக்காங்க, இல்ல பேசினதா அவர் நினைக்கிறார். அதனாலதான் அவற்றிடமும்னு வருது. மனுஷங்களுக்கு அப்புறம் இப்ப புறாவும்."

பென்சில் என் பழைய விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். "அத எழுதியிருந்தா போன தடவையே உள்ள போயிருப்பீங்க" என்றார்.

வருத்தம் வரவில்லை. இது போன தடவை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அணி, படிமம், முரண், தொனி — ஒவ்வொன்றுக்கும் பெயரைச் சொன்ன கையோடு "அதனால என்ன?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஊசிக்காரர் எதிரில் நின்று, "யார்கிட்டங்க சண்டை போடறீங்க?" என்றார். உருவகத்தோடு என்றேன். தள்ளி நின்றார்.

ஏப்ரல் 12, சனி

எழுதிவிட்டேன். கை இன்னும் சூடாக இருக்கிறது.

பெரிய கேள்விக்கு வந்த கவிதை:

கடைசியாக ஏறியவளுக்குக்
கடைசி இருக்கை.
குலுக்கல் அதிகம்தான்.
ஆனால் அங்கேதான்
ஜன்னல் பெரிது.

படித்ததும் புரிந்தது. பேருந்தைத் தவிர வேறு பேச்சே இல்லை, ஆனால் பேருந்தைப் பற்றியதே இல்லை. சரி, அணியின் பெயர்? வரவில்லை. நான், எல்லாப் பெயரையும் தலைகீழாகச் சொல்லக்கூடிய நான், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெயரில்லாத டியூப். குப்பைக்குப் போகும். மூணாவது தடவையும் போச்சு, அவ்வளவுதான், முடிஞ்சுது, எழுந்து போயிடலாமா?

எழுந்திருக்கவில்லை. பெயருக்கு ஒரு வரி இடம் விட்டுவிட்டு எழுதினேன். தாமதமாக வந்தவள் சொல்வது இது. "அதிகம்தான்" என்று கஷ்டத்தை முதலில் ஒப்புக்கொள்கிறாள், அதனால் ஜன்னலைச் சொல்லும்போது நம்ப முடிகிறது. தன்னைப் பற்றி நேராக ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கையை மட்டும் பேசுவதில் ஒரு ரோஷம் இருக்கிறது, பரிதாபப்பட யாருக்கும் அவள் இடம் தரவில்லை. பக்கம் போதவில்லை, இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன்.

மணி அடித்தது. அந்த ஒரு வரி காலியாகவே போயிற்று.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது வந்தது: பிறிதுமொழிதல். சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் இரண்டடி நகர்ந்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அந்தக் கவிதையிலும் நான் என்னையே ஏற்றிவிட்டேனோ? இல்லை. "கடைசியாக ஏறியவள்" என்பது கவிதையில் இருக்கிறது. இருக்கிறதைத்தான் எழுதினேன்.

ஜூலை 7, திங்கள்

இன்று மாலைக் கல்லூரியில் முதல் வகுப்பு.

அந்தக் காலி வரிக்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். மற்றது அறுபத்தெட்டாக வந்து சேர்ந்தது. பென்சிலிடம் சொன்னபோது கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது, அவர் கவலைப்படவில்லை.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இவரும் டிவியை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். அவர் நடக்கப் போகும் மைதானம் எங்கள் தெருவில் இடப்பக்கம். கல்லூரிக்கு வலப்பக்கம் போக வேண்டும். வாசலைத் தாண்டியதும் அவர் வலப்பக்கம் திரும்பினார்.

"மைதானம் அந்தப் பக்கம்" என்றேன்.

"அங்க புழுதி."

கல்லூரி வாசல் வரை நடந்தோம். உள்ளே போகும்போது, "பரவாயில்ல, ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

முதுகுக்காகவா, எனக்காகவா என்று நான் கேட்கவில்லை. எனக்காகத்தான் என்று எழுதிக்கொள்கிறேன். அணியின் பெயர் எனக்குத் தெரியும்.