சிலுவைக்குப் பின்னால் ரேடார்

ஜூலை 24, வியாழன்
காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம். இவர் படகுக்கு எந்த ரேடார் என்று இன்றைக்குள் கடையில் சொல்ல வேண்டும். ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு மூன்றாம் முறை வாசித்தேன்.

உருண்டை: ஒன்றரை அடி. மீன்கூடைக்குள் அடங்கும். பாட்டரி அதிகம் தின்னாது.
நீளக்கை: நாலடி. விலை மூன்று மடங்கு. உச்சியில் அவ்வளவு பாரம் ஏறினால் படகு ஆடும்.

ஆன்டெனா அகலமாக இருந்தால் கதிர் ஒடுங்குமாம். ஒடுங்கினால்தான் நெருங்கி வரும் இரண்டு கப்பலை இரண்டாகக் காட்டும். உருண்டை, ஒரே பொட்டாகக் காட்டிவிடும். ஒரே பொட்டு போதுமா, மாதாவே?

என் தம்பி படகில் அதுவும் இல்லை. மழைக்குள் கப்பல் இடித்து மூன்று வருஷம்.

இட்லி அரிசி தீர்ந்தது.

26, சனி
உருண்டைதான். மாட்டியாயிற்று. ஜெபமாலை சொல்லும்போதும் மனசு நிற்கவில்லை.

28, திங்கள்
ரேடார் திரையைப் படம் பிடித்து அனுப்பினார். நேர் முன்னால், அலைத்தடுப்புச் சுவரின் நடுவில் ஒரு வெட்டு. அந்தச் சுவரில் வெட்டே கிடையாது. மாட்டியவர் வயர் கோளாறு என்றாராம். புத்தகத்தின் கடைசிப் பக்கம்: முன்னால் இரும்பு நின்றால் அதற்குப் பின்னால் குருடு.

ரேடாருக்கு முன்னால் நிற்பது சிலுவை. தம்பி போனபின் நான் நேர்ந்து, படகோட்டும் அறையின் உச்சியில் வைத்த இரும்புச் சிலுவை.

29
ரேடார் கம்பத்தை உயர்த்தலாம். ஆனால் ஆட்டம் கூடும். சிலுவைக்கு மேலே எதுவும் நிற்கக் கூடாது என்று இவர் வேறு சொல்கிறார். அதைக் கழற்றிவிட்டு, படகின் முன்முனையில் தாழ்வாக ஒரு மரச்சிலுவை வைக்கலாம் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏட்டி, நேந்தது நீ. எனக்கு அதுல கை வைக்க முடியாது."

31, வியாழன்
படகில் ஏறினேன். எங்கள் வீட்டுப் பெண்கள் ஏறுவதில்லை. பக்கத்துப் படகிலிருந்து ஒருவர்: "என்ன மக்கா, வலை இழுக்க பெஞ்சாதியையும் கூட்டிட்டுப் போறியா?"

சிலுவைக்கு நாலு நட்டு. மூன்றைக் கழற்றினேன். நான்காவது துருப்பிடித்து அசையவில்லை. இவர் ஸ்பானரை வாங்கிக்கொண்டார்.

ஆக. 1, வெள்ளி
கடலுக்குப் போய்விட்டார். மழை. பால் பொங்கி வழிந்தது. இரும்புச் சிலுவை அடுக்களை மூலையில், புதுத் துண்டு சுற்றி. பாவமா? சாமியாரிடம் கேட்கவில்லை. பாவம் என்று சொல்லிவிட்டால்?

4, திங்கள்
விடிய வந்தார். நெய்மீன் மூன்று, மற்றது சாளை. காப்பி குடித்துவிட்டுத்தான் சொன்னார். சனிக்கிழமை மழைக்குள் ஒரு பொட்டு. படகைத் திருப்பி விலகினாராம். கடந்து போனபோது பார்த்தால் இரண்டு கப்பல்.

பொட்டு எந்தப் பக்கம் தெரிந்தது என்று கேட்டேன்.

"நேர் முன்னால."